தண்ணீர் படாத தோள்

எனக்குத் தெரிந்த வேலையில் பாதியை நான் தூங்கித்தான் கற்றுக்கொண்டேன். வெளியே சொன்னால் சோம்பேறி என்பார்கள். அதனால் சொன்னதில்லை.

மலேசியாவில், செனாயில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் நின்றேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மெஷின் கதவு திறக்கும். உள்ளே இருக்கும் மூடியைக் கையால் எடுக்க வேண்டும். ஓரத்தில் பிசிறு இருந்தால் கத்தியால் சீவ வேண்டும். மேசையில் வைக்க வேண்டும். அதற்குள் கதவு மறுபடி திறந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் இதுதான்.

சேர்ந்த முதல் வாரம் இரண்டு முறை விரலைச் சீவிக்கொண்டேன். மூன்றாவது முறை சீவியிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்பார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறுகூடத் தின்னாமல் படுத்தேன். மறுநாள் வேலைக்குப் போய் நின்றதும் என் வலது கை அசையாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டது. இடது கை மூடியைச் சுற்றிக் கொடுத்தது. பிசிறு தானாக வந்து கத்தியில் விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முந்தின நாள் அது எனக்குத் தெரியாது. நடுவில் நான் செய்தது தூங்கியது மட்டும்தான்.

அப்புறம் பல தடவை அப்படி நடந்தது. பெட்டியில் மூடிகளை எப்படி அடுக்கினால் உரசாது என்று ஒரு நாள் முழுக்கப் போராடிவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது ஒன்று நிமிர்த்தி, ஒன்று கவிழ்த்து அடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. சில நாள் தூக்கத்திலும் மெஷின் வரும். கதவு திறக்கும், மூடும். எழுந்தால் தோள் வலிக்கும். ஆனால் கைக்கு ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் நான் கனவு என்று நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் கனவு என்றால் லாட்டரிக்கு நாலு நம்பர்.

என் கணவர் தவறிப்போன பிறகு அவருடைய தங்கையும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்கும் யாரும் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே பஸ். நான் மூடியை எடுப்பேன். அது ஆறிய பிறகு அவள் ரப்பர் மாட்டிப் பெட்டியில் போடுவாள். அவளிடம் படம் போட்ட நம்பர் புத்தகம் ஒன்று இருந்தது. பாம்பு என்றால் ஒரு நம்பர், கல்யாணம் என்றால் ஒரு நம்பர், பல் விழுந்தால் ஒரு நம்பர். நான் கண் விழித்ததும் தேநீரோடு வந்து நிற்பாள்.

"அண்ணி, என்னா வந்துச்சு? பாம்பா?"

"இல்ல."

"யானை?"

"மெஷினு."

"சும்மா இருங்க அண்ணி. மெஷினுக்குப் புத்தகத்துல நம்பரே இல்ல. கனவுலயும் ஓ.டி. செய்றீங்க. எச்.ஆருல போயி எழுதிக் கேளுங்க."

செத்தவர்கள் வந்தால்தான் நல்ல நம்பர் என்பாள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நம்பர் விழும் வரைக்கும் கனவை வெளியே சொல்லக்கூடாது. வாய் திறந்தால் கனவு செத்துவிடும். இது அவள் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான். சீனர்களும் அப்படித்தான் என்பாள். நான் நம்பினேனா என்று கேட்டால், சாமி கும்பிடுவது மாதிரி. செய்வோம். கேட்டுக்கொள்ள மாட்டோம்.

கெட்ட காலம் மோல்ட் ஒன்றில் ஆரம்பித்தது. மோல்ட் என்பது மூடியை வார்க்கும் இரும்பு அச்சு. ஒரு கார் பாரம் இருக்கும். துணி துவைக்கும் மெஷினுக்கு மேல் மூடி செய்கிற மோல்ட் அது. அது எங்கள் கம்பெனிச் சொத்து இல்லை. மூடி வாங்குகிறவர்களுடையது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் லோரி அனுப்பி வேறு கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். போனால் எங்கள் வரிசையில் பதினொரு பேருக்கு வேலை இல்லை. அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டில். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. நாத்தனாருக்கு ஐம்பது. இந்த வயதில் எங்களை எந்தக் கம்பெனி கூப்பிடும்?

மோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்து மாட்டியதிலிருந்து மூடி வளைந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. மேசையில் வைத்தால் ஒரு மூலை மட்டும் நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நிற்கும். தட்டினால் டக் டக் என்று ஆடும். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.

செட்டர் ஒரு தமிழ்ப் பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. மோல்டை ஏற்றி, சூடு, அழுத்தம் எல்லாம் சரி பண்ணுகிறவர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல தலை. அவர் சூட்டைக் கூட்டினார், குறைத்தார். அழுத்தத்தை மாற்றினார். பிளாஸ்டிக் மணியை மாற்றினார். மோல்டைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடும் ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. மூலை தூக்கியபடியே இருந்தது.

மூன்று வாரம். ஓய்வு நாள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒரு சீனர். கெட்டவர் இல்லை. பயந்தவர். அவர் பயந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். தம்பி மெஷினுக்குப் பின்னால் அட்டையை விரித்துக் கால் மணி, அரை மணி கண்ணை மூடுவார். யாராவது வந்து காலைத் தட்டுவார்கள். கண் மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் சூட்டுக்குப் போட வேண்டிய எண்ணை அழுத்தத்துக்குப் போட்டு, மூடி கூழாக வந்தது.

"வீட்டுக்குப் போயி நல்லா தூங்கிட்டு வாங்க தம்பி. விடிஞ்சா தெரியும்," என்றேன்.

"தூங்கினா எழுப்ப மாட்டாங்க அக்கா. நேரா வேற ஆளப் போட்டுருவாங்க," என்றார்.

எனக்கும் தூக்கம் இல்லை. ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்தால் ஜன்னலில் கறுப்புப் போர்வையை மாட்டிக்கொண்டு படுப்பேன். மூன்று மணி நேரம். அதற்குள் ஓ.டி.க்கு வரச் சொல்லிப் போன் வரும். அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு கனவும் வரவில்லை. கைக்கும் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. இடது கட்டைவிரல் மட்டும் சிவந்துபோய்த் தோல் தடித்தது. மூடியை எடுக்கும்போது நான் அந்த விரலால்தான் ஒரு மூலையைப் பிடிப்பேன். வலித்ததால் கையுறைக்குள் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன். அவ்வளவுதான். ஏன் சிவந்தது என்று கேட்கவில்லை. வேலை என்றால் விரல் சிவக்கும்.

கடைசியில் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மூடி வாங்குகிறவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மோல்டைத் தூக்கிவிடுவார்கள். சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார். அவர் குரல் சின்னதாக இருந்தது. எங்கள் குழு வெள்ளிக்கிழமை காலையில் ராத்திரி வேலையை முடித்து, சனிக்கிழமை காலையில் பகல் வேலைக்கு மாற வேண்டும். நடுவில் ஒரு பகல், ஒரு ராத்திரி. அதை மட்டும் வெட்டாமல் கொடுத்தார். சனிக்கிழமை எல்லோர் முகமும் நன்றாக இருக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் படுத்தேன். போனை நாத்தனார் அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். மாலை நான்கு வரை செத்த பிணம் மாதிரி தூங்கினேன்.

அப்போதுதான் அம்மா வந்தார். செத்து ஒன்பது வருடம்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் ஹோஸைப் பிடித்து அவர் மேல் தண்ணீர் விடுகிறேன். தலை நனைகிறது. முதுகு நனைகிறது. வலது தோள் நனைகிறது. இடது தோளில் மட்டும் ஒரு சொட்டும் படவில்லை. அங்கே ஹோஸை நேராகக் காட்டினாலும் படவில்லை. கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். கொதிக்கிறது. அம்மா எரிச்சலாகத் திரும்பி, "எல்லா எடத்துலயும் ஊத்துற, இங்க மட்டும் வரவே மாட்டேங்குது பாரு," என்றார். ஹோஸின் வாயைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் நிற்கிறது. நிறைய நிற்கிறது. வெளியே வரவில்லை.

விழித்தபோது இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் தேநீரோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்து, "வந்துருச்சு. யாரு?" என்றாள்.

"அம்மா."

"ஐயோ அண்ணி!" தேநீரை அப்படியே தரையில் வைத்தாள். "என்னா பண்ணாங்க? பேசுனாங்களா? எத்தன வார்த்த?"

எல்லாம் சொன்னேன். அவள் எந்தத் தோள் என்று கேட்டாள். தண்ணீரா, சோப்புத் தண்ணீரா என்று கேட்டாள். என்ன சேலை என்று கேட்டாள்.

"குளிக்கறப்ப எதுக்குச் சேலை?" என்றேன்.

"பாவாடையா? அதுக்கு வேற நம்பர்." புத்தகத்தைப் புரட்டினாள். குளிக்கிற பெண் படத்தையும் அம்மா செத்த தேதியையும் வைத்து நான்கு எண் கட்டினாள். கடைக்கு ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் விரலை என் உதட்டுக்கு முன்னால் நீட்டினாள். "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் மூச்சு விடக்கூடாது. பஸ்ல அந்த மீனாட்சி... சேச்சே, பேருகூடச் சொல்ல வேணாம். யார்கிட்டயும் சொல்லக்கூடாது. இது விழுந்துச்சுன்னா அந்த மோல்டு போனா போவட்டும். மோல்டாம் மோல்டு."

அவளும் பயந்துதான் இருந்தாள். நம்பரைத் தவிர அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு இல்லை. எனக்கும் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெஷினுக்கு முன்னால் நின்றேன். தம்பி முந்தின நாளும் வீட்டுக்குப் போகவில்லை. சட்டை அதே சட்டை. பத்து மணிக்கு அவர்கள் வருவதாக இருந்தது. எட்டரைக்கு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நான் எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாங்க எல்லாரும் ஸ்கிரீனப் பாக்குறோம். நீங்க ஒருத்தர்தான் இதத் தொடுறீங்க. நாள் பூரா தொடுறீங்க. ஏதாச்சும் வித்தியாசமா இருக்கா? கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லுங்க. நான் சிரிக்க மாட்டேன்."

பதினாறு வருடத்தில் ஒரு செட்டர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் கையில் மூடி இருந்தது. கட்டைவிரல் சுட்டது. பிளாஸ்டரைத் தாண்டிச் சுட்டது. அம்மாவின் தோள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது வந்தது உண்மை. மூடிக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது என்றுதான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்கத் தெரியாது. ஆனால் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. எதிர் மேசையில் நாத்தனார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"ஒன்னும் இல்ல தம்பி. எப்பவும் போலத்தான் இருக்கு."

"சரிக்கா," என்றார். போய்விட்டார்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண், ஒரு பெண். நான் எடுத்துக் கொடுத்த மூடிகளில் ஐந்தை வாங்கிக் கருங்கல் மேசையில் கவிழ்த்து வைத்தார்கள். அந்தப் பெண் காகிதம் மாதிரி மெல்லிய தகடு ஒன்றை எடுத்து மூலைக்கு அடியில் விட்டாள். போயிற்று. அடுத்ததிலும் போயிற்று. ஐந்திலும் போயிற்று. அவள் கோபப்படவில்லை. தகட்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டாள். சூப்பர்வைசரின் காது சிவந்திருந்தது. மோல்டைத் தூக்கிக்கொண்டு போக மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் நாத்தனார் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு முன்னால் போனைப் பைக்குள் வைத்தாள்.

"கிட்டக்கூட வரல அண்ணி."

"சரி."

"அத்தை எதுக்குத்தான் வந்தாங்களோ." பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "இனிமே யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கிங்க," என்றாள்.

திங்கட்கிழமை மோல்டை இறக்கினார்கள். எங்களுக்கு வேலை இல்லை. தரையைக் கூட்டச் சொன்னார்கள். தம்பி மோல்டுக்குப் பக்கத்தில் குந்தி ஹோஸ்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியதும் இரும்பு ஓட்டையிலிருந்து தண்ணீர் வாளிக்குள் கொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது ஓட்டையில் துருப்பிடித்த நீர் நாலு சொட்டு விழுந்தது. பிறகு நின்றுவிட்டது.

"அம்மா தோளு," என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

"என்னாக்கா?"

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே கனவைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கட்டைவிரலைக் காட்டச் சொன்னார். பிளாஸ்டரைப் பிரித்துக் காட்டினேன். மூடியின் எந்த மூலையை அந்த விரலால் பிடிப்பீர்கள் என்று கேட்டார். காட்டினேன். தூக்கிக்கொண்டு நிற்கிற அதே மூலை.

எழுந்து போய்க் காற்றுக் குழாயைக் கொண்டுவந்தார். நாலாவது ஓட்டையில் வைத்து அடித்தார். அந்தப் பக்கம் காற்று வரவில்லை. மறுபடி அடித்தார். பிறகு நீளக் கம்பியை விட்டுக் குத்தி இழுத்தார். கறுத்துப்போன துணி உருண்டை ஒன்று வந்தது. சுத்தம் செய்த இடத்தில் துரு ஏறாமல் இருக்க யாரோ அடைத்து, எடுக்க மறந்திருக்கிறார்கள். அதன் மேல் ஹோஸை மாட்டியிருக்கிறோம். ஹோஸில் தண்ணீர் இருந்தது. ஓடவில்லை. அந்த மூலை மட்டும் மூன்று வாரமாகக் குளிரவே இல்லை.

துணி உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினார். நான் பின்னால் போனேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். தொடவில்லை.

"சுடா ஹபிஸ் லா," என்றார். எல்லாம் முடிந்துவிட்டது, லோரி பதினொரு மணிக்கு வருகிறது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

தம்பி திரும்பி வந்து மோல்டின் மேலேயே உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இந்தக் கனவு எப்பக்கா வந்துச்சு?"

நாத்தனார் அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

"நேத்து," என்றேன்.

"நேத்தா." தலையை ஆட்டினார். "ரெண்டு நாளு முந்தி வந்திருந்தா பதினொரு பேரும் நின்னுருப்போம்."

"ஆமா தம்பி."

"அதுக்கு நீங்க என்னா செய்வீங்க. தூங்க விட்டாத்தானே."

பதினொரு மணிக்கு லோரி வந்தது. மாதக் கடைசியில் எங்களுக்கு வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் வந்தது. அந்த மோல்டை ஏற்றிக்கொண்ட கம்பெனியில் முதல் நாளே மூடி நேராக வந்ததாம். நம்முடைய தம்பிதான் துணியை எடுத்துக் கொடுத்தார். பேர் அவர்களுக்கு.

நாத்தனார் இப்போது ஒரு மாமாக் கடையில், அதாவது முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பாத்திரம் கழுவுகிறாள். நம்பர் புத்தகம் இருக்கிறது. ஆனால் காலையில் தேநீரோடு வந்து நிற்பதில்லை. நாங்கள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு தடவை அவள் சோற்றை அளைந்துகொண்டே, "அண்ணி, நான் அன்னிக்குத் தலையாட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். "சாப்புடு," என்றேன். சாப்பிட்டாள்.

எனக்கு ஒரு மருத்துவமனையில் துடைக்கிற வேலை கிடைத்தது. காண்டிராக்ட். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுக் கையெழுத்து. போன மாதம் எங்களை எல்லாம் உட்கார வைத்து ஒரு சின்னப் பெண் தூக்கத்தைப் பற்றி மலாயில் பேசினாள். நன்றாகத் தூங்கினால் வேலை நன்றாக நடக்கும், விழித்திருக்கும்போது தெரியாத விடை தூக்கத்தில் கிடைக்கும் என்றாள். யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா, கையைத் தூக்குங்கள் என்றாள். யாரும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

அவள் சொன்னது சரிதான். எனக்கு இப்போது பகல் வேலை. ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கிறேன். தூக்கம் வருகிறது. தலை அதன் வேலையைச் செய்கிறது. இரண்டாவது மாடியில் எந்தப் பக்கத்திலிருந்து துடைத்தால் காய்வதற்குள் யாரும் மிதிக்க மாட்டார்கள் என்று ஒரு காலையில் தெரிந்து எழுந்தேன். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். காகிதத்தில் எழுதியிருக்கிறபடி துடைக்கச் சொன்னார். துடைக்கிறேன்.

அம்மா திரும்ப வரவில்லை.

தம்பி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். காலை நாலு மணிக்கு எல்லைப் பாலம் தாண்டி, ராத்திரி திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் சில சமயம் பார்ப்பேன். இளைத்துவிட்டார். போன வாரம் மனைவியோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இவங்கதான். நான் சொல்லுவேன்ல. எஞ்சினியரு எல்லாம் மூனு வாரம் மண்டைய ஒடைச்சோம். அக்கா தூக்கத்துலயே கண்டுபுடிச்சாங்க. ரெண்டே ரெண்டு நாளு லேட்டு."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. மரியாதையான சிரிப்பு. "பாவம் அக்கா, நீங்க என்னா செய்வீங்க," என்றது.

"அடுத்த தடவ கொஞ்சம் சீக்கிரமாத் தூங்குங்கக்கா," என்றார் தம்பி. சிரித்தார். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

கனவு வந்தது வெள்ளிக்கிழமை என்று சொல்ல அது நல்ல இடம்தான். மீன்காரர் பாக்கெட்டை நீட்டினார். தம்பி வாங்கிக்கொண்டார்.

"சரி தம்பி," என்றேன்.